எனக்கு நல்லாத் திறக்குதே

நாம் ஒருவருக்கு ஒரு கோப்பை அனுப்புகிறோம். அவர் “திறக்கலையே, எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுது” என்கிறார். உடனே நம் வாயில் வரும் பதில்: “எனக்கு நல்லாத் திறக்குதே!” இதில் பொய் இல்லை. நமக்கு உண்மையிலேயே திறக்கிறது. ஆனால் அதைச் சொல்லும் தொனியில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. என் கணினி சரியாக இருக்கிறது, ஆகவே கோளாறு உன் பக்கம். சரிசெய்ய வேண்டியவனும் நீதான்.

இந்த வாக்கியம் எல்லோர் வாயிலும் ஒரே பலத்தோடு ஒலிப்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. எங்கள் சிறு குழுவில் ஒருவரிடம் மேக் இருக்கிறது, இருவரிடம் விண்டோஸ், என்னிடம் லினக்ஸ். விண்டோஸ் நண்பர் அனுப்பியது எனக்குத் திறக்காவிட்டால், “யாரு உன்னை லினக்ஸ் போடச் சொன்னா?” என்பார்கள். நான் அனுப்பியது அவருக்குத் திறக்காவிட்டாலும் அதே கேள்விதான் வரும். கோளாறு எந்தப் பக்கம் இருந்தாலும் பழி ஒரே பக்கம் வந்து சேர்கிறது. இரண்டு வேறுபட்டவர்கள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும்போது, அந்த வேறுபாட்டின் சுமையை யார் சுமக்க வேண்டும்? கணினியை வைத்துக் கேட்டாலும் இது அறம் சார்ந்த கேள்வி என்றுதான் நினைக்கிறேன்.

முதலில், வேறுபாடு என்பது என்ன? இலக்கிய வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கவிதையில் வரி முடிகிறது. அங்கே வரி முடிந்தது என்று கணினி எப்படிக் குறித்துக்கொள்கிறது? பழைய தட்டச்சு இயந்திரத்தில் அது இரண்டு வேலை. உருளையை வரியின் தொடக்கத்துக்குத் தள்ள வேண்டும், தாளை ஒரு வரி மேலே ஏற்ற வேண்டும். விண்டோஸ் இன்றும் அந்த இரண்டுக்கும் இரண்டு குறிகள் போடுகிறது. யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ், தாளை ஏற்றும் குறி ஒன்றே போதும் என்று விட்டது. பழைய மேக்கோ உருளையைத் தள்ளும் குறியை மட்டும் வைத்துக்கொண்டது. மூன்றுக்கும் அதனதன் நியாயம் உண்டு. ஆனால் லினக்ஸில் எழுதிய கவிதையை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால், 2018 வரைக்கும், வரிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நீள வாக்கியமாகத்தான் தெரியும். ஒரு சொல்கூடத் தொலையவில்லை. ஆனால் கவிதை உரைநடை ஆகிவிட்டது.

இன்னொன்று பெயர். ‘யார் அது?’ என்று ஒரு கதைக்குத் தலைப்பு வைத்து, அதையே கோப்புக்கும் பெயராக வைக்கிறீர்கள். மேக்கும் லினக்ஸும் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் ஏற்காது, கோப்பின் பெயரில் கேள்விக்குறிக்கு அங்கே இடமில்லை. இதிலும் யார் மேலும் தவறு சொல்ல முடியாது. ஒரு வீட்டில் செருப்போடு உள்ளே வரலாம், இன்னொரு வீட்டில் வாசலிலேயே கழற்ற வேண்டும். அவ்ளோதான். வேறுபாடு என்பது வரலாறு. ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ள வேண்டி வரும்போதுதான் அது சுமையாகிறது.

அந்தச் சுமையைச் சமாளிக்க மனிதர்கள் கண்டுபிடித்த வழிகள் மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றையும் மொழியிலும் பார்க்கலாம், கணினியிலும் பார்க்கலாம்.

முதல் வழி பாசார் மலாய். சந்தையில் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் பேசிக்கொள்ள உருவான மொழி அது. விலை கேட்கலாம், பேரம் பேசலாம், வழி சொல்லலாம். இலக்கணச் சிடுக்குகள் உதிர்ந்துவிட்ட மொழி. மரியாதைச் சொற்களின் நுட்பமும் அதோடு உதிர்ந்துவிட்டது. நம் பாட்டிகள் பலர் அதை வைத்துத்தான் வாழ்நாள் முழுக்கச் சமாளித்தார்கள். பென்டிரைவில் இருக்கும் ஃபேட் என்ற கோப்பு அமைப்பு கணினி உலகின் பாசார் மலாய். 1970களின் கடைசியில் பிறந்தது. மேக், விண்டோஸ், லினக்ஸ், கேமரா, காரின் வானொலி என்று எல்லாவற்றுக்கும் இது புரியும். ஆனால் இதற்குச் சொல்லத் தெரியாதவை நிறைய. இதன் ஃபேட்32 வடிவத்தில் 4 கிகாபைட்டைத் தொடும் கோப்பை வைக்க முடியாது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்ற வரையறை உண்டு. பென்டிரைவில் ஏறியதும் அதெல்லாம் உதிர்ந்துவிடும். அங்கே எந்தக் கோப்பும் யாருடையதும் இல்லை.

யாருக்கும் தலைகுனிவு இல்லாத வழி இது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் இழந்து நடுவில் சந்திக்கிறோம். ஆனால் சந்தையில் போதுமாக இருந்த மொழி மருத்துவமனையில் போதுமாக இருக்காது. வலியை விவரிக்க, மன்னிப்புக் கேட்க, கதை சொல்ல பாசார் மலாய் போதாது என்று தெரியும் இடத்தில் இரண்டாவது வழி தொடங்குகிறது: ஒருவர் மற்றவரின் மொழியை முழுதாகக் கற்றுக்கொள்வது.

கணினியில் அந்த வழிக்குப் பெயர் சம்பா. 1991ஆம் ஆண்டின் இறுதியில், கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தன் மேசைக் கணினியிலிருந்து வேறு வகைக் கணினியின் கோப்புகளைப் பார்க்க விரும்பினார். இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழி அவருக்குத் தெரியாது. அதன் பெயர்கூட அப்போது தெரியாது. கம்பி வழியாகப் போகும் செய்திகளை ஒட்டுக்கேட்டு, எதைக் கேட்டால் என்ன பதில் வருகிறது என்று குறித்துக்கொண்டு, தானும் அதேபோலப் பதில் சொல்லும் ஒரு நிரலை எழுதினார். பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அதை விட்டுவிட்டார். 1993இல் தன் லினக்ஸ் கணினியையும் மனைவியின் விண்டோஸ் கணினியையும் இணைக்க நினைத்தபோதுதான், தான் எழுதிய பழைய நிரல் விண்டோஸுடனும் பேசும் என்று அவருக்குத் தெரிந்தது. விண்டோஸ் பேசிய மொழியின் பெயர் எஸ்எம்பி. அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி, ‘சம்பா’ என்று பெயர் வைத்தார்.

தன் முறையை அவர் பின்னாளில் ஒரு பிரெஞ்சு உணவகத்தை வைத்து விளக்கினார். புத்தகமும் ஆசிரியரும் இல்லாமல் பிரெஞ்சு படிக்க வேண்டும். என்ன செய்யலாம்? பிரான்ஸில் ஓர் உணவகத்தில் போய் உட்கார்ந்து மற்ற மேசைகளைக் கவனிக்க வேண்டியதுதான். வாடிக்கையாளர் என்ன சொல்கிறார், பரிசாரகர் எதைக் கொண்டுவருகிறார் என்று எழுதிக்கொண்டே வந்தால் ரொட்டிக்கும் காப்பிக்குமான சொற்கள் மெல்லப் பிடிபடும். இதைப் படித்தபோது எனக்குப் பிரான்ஸ் தோன்றவில்லை. ‘தே தாரிக்’, ‘கோபி ஓ கோசோங்’ என்று காதில் விழுவதைத் திருப்பிச் சொல்லியே ஒரு மொழிக்குள் நுழைந்த நம் ஆட்கள்தான் தோன்றினார்கள்.

சம்பா எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டது தெரியுமா? விண்டோஸ் கணினியில் உட்கார்ந்திருப்பவருக்கு, கோப்பு வந்தது லினக்ஸிலிருந்து என்பதே தெரியாது. அவர் பக்கத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. முன்பு சொன்ன ‘யார் அது?’ கோப்பு லினக்ஸில் இருந்தால், சம்பா தன் இயல்பான அமைப்பில் அதற்கு விண்டோஸ் ஏற்கும் ஒரு குறும்பெயரைக் கொடுத்துவிடும். நடுவில் ஓர் அலைக்குறியோடு எழுத்துகளும் எண்களுமாக இருக்கும் பெயர் அது. கதையின் பெயர் வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று. அலுவலகத்தில் வாயில் நுழையவில்லை என்பதற்காகத் தன் பெயரை இரண்டு எழுத்தாகச் சுருக்கிக்கொண்ட நம் நண்பர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இது பெருந்தன்மையா, பணிவா? தெரிதா விருந்தோம்பலைப் பற்றிப் பேசும்போது, அந்நியன் தன்னுடையதல்லாத மொழியில்தான் இடம் கேட்க வேண்டியிருக்கிறது, அவன்மீது விழும் முதல் வன்முறை அதுவே என்கிறார். அந்தக் கணக்கில் சம்பா ஒரு மாபெரும் பணிவு. ஆனால் முழுக்க அப்படிச் சொல்லவும் மனம் வரவில்லை. இரண்டு மொழி தெரிந்தவனுக்கு இரண்டு வீட்டுக்குள்ளும் போகத் தெரியும். ஒரு மொழிக்காரனுக்குத் தன் வீடு மட்டும்தான். வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலாய், வேலையில் ஆங்கிலம், கொஞ்சம் கந்தோனீஸ் என்று பேசுவதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது பொய்ப் பெருமை அல்ல. கற்றுக்கொள்வது இழிவே இல்லை. எப்போதும் ஒரே தரப்புதான் கற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் உறுத்துகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. உலகத்தில் மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ். பத்துப் பேரில் ஒருவர் வேறு மொழி பேசினால், அந்த ஒருவர் கற்றுக்கொள்வது எளிதா, ஒன்பது பேர் கற்பது எளிதா? மொத்த உழைப்பைக் கணக்கிட்டால் சிறுபான்மை கற்பதே சிக்கனம். “இதுல அநியாயம் எங்க இருக்கு?” இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். கணக்காகப் பார்த்தால் அது சரி. தேசிய மொழியைப் படிப்பதை நாம் அநியாயம் என்று சொல்வதில்லையே. அந்த மொழிக்குப் பள்ளி இருக்கிறது, பாடநூல் இருக்கிறது, அகராதி இருக்கிறது. எவரும் படித்துக்கொள்ளலாம்.

டிரிட்ஜெலுக்கு அந்தப் பாடநூல் கிடைக்கவில்லை. சிக்கன வாதம் விழும் இடம் இதுதான். யார் கற்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. கற்க வேண்டியதை மறைத்து வைக்கலாமா என்பது வேறு கேள்வி. ‘நீ என் மொழியில் பேசு’ என்று சொல்பவர் சுமையை நம்மேல் வைக்கிறார். ‘என் மொழியில் பேசு, ஆனால் இலக்கணத்தைத் தர மாட்டேன்’ என்பவர் சுமையை வைத்துவிட்டுக் கதவையும் சாத்துகிறார். முதலாவதோடு வாழ்ந்துவிடலாம். இரண்டாவதுதான் அநீதி. வேலையிடங்களில் நம்மைத் தடுக்கி விழவைப்பதும் பெரும்பாலும் மொழி அல்ல. மொழியைப் படித்து முடித்த பிறகும் எங்கேயும் எழுதப்படாமல் இருக்கும் விதிகள்தான்.

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போனது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்ட்டுக்கு 497 மில்லியன் யூரோவுக்கும் மேல் அபராதம் விதித்தது. அதோடு, மற்றவர்களின் சர்வர்கள் விண்டோஸுடன் சமமாகப் பேசத் தேவையான தகவலை வெளியிட வேண்டும் என்றும் ஆணையிட்டது. மேல்முறையீடு நடந்த காலத்தில் வழக்கில் இருந்த பெரிய நிறுவனங்கள் சில சமரசம் செய்துகொண்டு விலகின. சம்பாக்காரர்களும் ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் விலகவில்லை. 2007 செப்டம்பர் 17 அன்று நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை உறுதிசெய்தது. அதே டிசம்பரில் சம்பாவுக்காக ஓர் அமைப்பு 10,000 யூரோ கட்டி அந்த ஆவணங்களைப் பெற்றது. பதினாறு ஆண்டுகள் மேசையோரம் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டவர்களின் கைக்குக் கடைசியில் உணவகத்தின் பட்டியல் வந்து சேர்ந்தது. 2011இல் அதே மைக்ரோசாஃப்ட்டிலிருந்து சம்பாவின் நிரலுக்கு ஒரு திருத்தமும் வந்தது.

அந்தத் தீர்ப்பு வலியவரிடம் எதைக் கேட்டது, எதைக் கேட்கவில்லை என்று பாருங்கள். ‘நீ லினக்ஸ் மொழியைக் கற்றுக்கொள்’ என்று கேட்கவில்லை. ‘உன் அடையாளத்தை விடு’ என்று கேட்கவில்லை. ‘உன் இலக்கணத்தை மறைக்காதே’ என்று மட்டும் கேட்டது. பெரியவருக்கும் சிறியவருக்கும் இடையில் குறைந்தபட்ச நீதி இதுவாகத்தான் இருக்க முடியும் என்று நினைக்கிறேன். எல்லோரும் எல்லோருடைய மொழியையும் கற்பது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் கற்க வருபவருக்குக் கதவைத் திறந்து வைக்கலாம். திருக்குறளில் விருந்தோம்பல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அது பேசுவது வீட்டுக்காரரின் கடமையைப் பற்றி.

மூன்றாவது வழி, யாருடையதும் அல்லாத ஒரு பொது விதியை எல்லோரும் சேர்ந்து ஏற்பது. தமிழில் எழுதுபவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1990களில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம். ஒருவர் தட்டச்சு செய்த கட்டுரை, அதே எழுத்துரு இல்லாத இன்னொருவரின் திரையில் வெறும் கிறுக்கலாக வரும். இங்கே முத்து நெடுமாறனும் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் தமிழைக் கணினியில் ஏற்ற உழைத்த காலம் அது. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலும் பின்னரும் பொதுக் குறியாக்கம் பற்றிய பேச்சு நீண்டது. திஸ்கி, தாம், தாப் என்று பல வழிகளில் நடந்து கடைசியில் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தோம். இன்று விண்டோஸில் எழுதிய தமிழை மேக்கிலும் கைப்பேசியிலும் படிக்க முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் பலரின் விட்டுக்கொடுத்தல் இருக்கிறது.

ஆனால் பொது விதி வந்தபிறகும் வேறுபாடு ஒழிந்துவிடவில்லை. ‘மொழி’ என்று ஒரு கோப்புறைக்குப் பெயர் வையுங்கள். அதில் ‘மொ’ இருக்கிறதே, அதன் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி என்று ஒரே குறியாக வைக்கலாம். அல்லது பள்ளியில் சொல்லிக்கொடுத்தது போல கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்து வைக்கலாம். மேக் நெடுங்காலம் பயன்படுத்திய கோப்பு அமைப்பு, பெயர்களைப் பிரித்துத்தான் சேமித்தது. விண்டோஸிலும் லினக்ஸிலும் தட்டச்சு செய்யும்போது பொதுவாகச் சேர்ந்தே வரும். லினக்ஸுக்கு இவை இரண்டும் வேறு வேறு பெயர்கள். ஆகவே மேக்கிலிருந்து வந்தது ஒன்றும் இங்கே உருவாக்கியது ஒன்றுமாக, ஒரே இடத்தில் ‘மொழி’ என்று இரண்டு கோப்புறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கணினி இரண்டும் ஒன்றில்லை என்று சாதிக்கும். சமம் என்பது பார்த்ததும் தெரிந்துவிடுவதில்லை. எதை எதோடு சமமாக எடுத்துக்கொள்வது என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2013இல் இருந்து, இரண்டு மேக் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும்போதும் இயல்பாகப் பேசிக்கொள்வது எஸ்எம்பியில்தான். ஆப்பிளுக்கென்று சொந்தமாக ஒரு மொழி இருந்தது. அதை மெல்ல ஓரங்கட்டிவிட்டார்கள். விண்டோஸே இல்லாத அறையில் இரண்டு மேக்குகள் விண்டோஸ் மொழியில் பேசிக்கொள்கின்றன. கோலாலம்பூரில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதைக் கண்டிக்கும் பெரியவர்களை நமக்குத் தெரியும். நான் கண்டிக்க வரவில்லை. வசதிக்காகக் கற்ற மொழி ஒரு கட்டத்தில் நாம் தனியாக இருக்கும் அறைக்குள்ளும் வந்துவிடும் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, நம்மை எப்போதும் சம்பாவாக மட்டும் நினைத்துக்கொள்வது வசதியான பொய்யாகிவிடும். இந்த நாட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. மலையாளக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் பலர் தமிழ்ப்பள்ளிக்குப் போய், தமிழ்த் திருவிழாக்களில் கலந்து, நம்மைவிட நல்ல தமிழ் பேசுகிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு நாலு வாக்கியம் தெலுங்கு தெரியும்? “அவங்கதான் நல்லாத் தமிழ் பேசுறாங்களே!” என்று நாம் சொல்வோம். ‘எனக்கு நல்லாத் திறக்குதே’ என்பதன் இன்னொரு வடிவம்தான் இது. அவர்களுக்கு நாம்தான் விண்டோஸ்.

அப்படியானால் வலியவராக இருக்கும் இடத்தில் நாம் என்ன செய்யலாம்? மொழியை மறைக்காமல் இருப்பது ஒன்று. இன்னொன்றைக் குப்பைக் கோப்புகள் எனக்குச் சொல்லித் தந்தன. மேக்கிலிருந்து பென்டிரைவில் எதையாவது ஏற்றினால், புள்ளியும் அடிக்கோடும் முன்னொட்டாகக் கொண்ட சின்னச் சின்னக் கோப்புகள் கூடவே வரும். விண்டோஸ்காரர்கள் எரிச்சலோடு அவற்றை அழிப்பார்கள். உண்மையில் அவை குப்பை அல்ல. மேக் தன் கோப்போடு வைத்திருக்கும் கூடுதல் விவரங்களைப் பென்டிரைவின் எளிய மொழியில் சொல்ல வழியில்லாததால், தனியே மூட்டை கட்டி அனுப்புகிறது. அந்த மூட்டை நமக்குப் புரிய வேண்டும் என்றில்லை. தூக்கி எறியாமல் இருந்தால் போதும். திரும்பி மேக்குக்குப் போகும்போது அது அங்கே புரியும். எனக்குப் புரியாதது உனக்குத் தேவையானதாக இருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைப்பது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

ஒருவர் பேசும் தமிழில் நமக்குப் பழக்கமில்லாத ஒரு சொல் வரும். வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த தெலுங்குச் சொல்லாகவோ தோட்டத்துச் சொல்லாகவோ இருக்கலாம். இதழுக்கு வரும் கதையில் அதைப் பார்த்ததும் திருத்தத்தான் நம் கை போகிறது. திருத்துவதற்கு முன் அவரிடமே கேட்கலாம்: “இது உங்க வீட்ல என்ன அர்த்தத்துல வரும்?” பெரும்பாலும் அவர் சந்தோஷமாகச் சொல்வார். இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.